பொறையும் இல்லறமே

ஆண்டு விழா மேடையில் நம் குழந்தைகள் திருக்குறளை ஒப்பிக்கும்போது அரங்கமே கைதட்டி மகிழ்கின்றது. அக்குறள் நம் வீட்டிற்குள் எவ்வாறு வாழ்கின்றது என்பதையும் இந்நாளில் எண்ணிப் பார்ப்பது தகும்.

வள்ளுவப் பெருந்தகை ‘பொறையுடைமை’யை எங்கு வைத்தார் என்பதை நோக்குக. அது 16ஆம் அதிகாரம், இல்லறவியலில் உள்ளது. பொறுமை என்றவுடன் காடும் தவமும் நம் நினைவிற்கு வருகின்றன. அவரோ அதனை விருந்தோம்பல், இனியவை கூறல் ஆகியவற்றோடு சேர்த்து அடுக்களைக்கும் கூடத்திற்கும் உரிய அறமாக்கினார். ஒரே கூரையின்கீழ் வாழ்வோர்க்கன்றோ பொறுமை நாள்தோறும் வேண்டப்படுகின்றது!

குவைத்தின் அப்பாசியாவில் வாழும் நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். அடுக்குமாடிக் கட்டடத்தில் ஓரிரு அறைகளே நம் இல்லம். கோடையில் வெயில் 50 பாகையைத் தொடுகையில் சாளரங்களைத் திறக்கவும் இயலாது. மனத்தாங்கல் வந்தால் எழுந்து சென்று அமரத் திண்ணையும் இல்லை. வேப்பமர நிழலும் இல்லை.

இத்தகைய இல்லத்தில் பொறுமை முதலில் வேண்டப்படும் இடம் எது? குழந்தை தமிழில் ஒரு சொற்றொடரைத் தொடங்கித் தடுமாறும் நொடியே அது என்பேன். பள்ளியில் ஆங்கிலமும், தெருவில் மலையாளமும் இந்தியும் அரபியும் கேட்டு வளரும் பிள்ளை, “அம்மா, இன்றைக்கு...” என்று தொடங்கிச் சொல் கிடைக்காமல் நிற்கின்றது. பணியால் களைத்து வந்த நாம் ஆங்கிலச் சொல்லை எடுத்துக் கொடுத்துப் பேச்சை முடித்துவிடுகின்றோம். அன்றி, அதன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிடுகின்றோம். நமக்கு அது வெறும் சிரிப்பு. பிள்ளைக்கோ, அடுத்த முறை தமிழில் வாய் திறக்க அச்சம்.

நேரமில்லை என்பர் சிலர். இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் அது உண்மையே. ஆயினும் ஒரு வாரத்தின் 168 மணி நேரத்தில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்குக் கிடைப்பவை சில மணிகள்தாம். ஆசிரியர் எழுத்தைக் கற்பிப்பார். பேச்சு வளர வேண்டிய இடம் வீடு. குழந்தை தானே சொல்லைத் தேடி எடுக்கும்வரை காத்திருக்க அரை நிமிடம் போதும்.

அழகைத் தேடியும் நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வதக்குதல், வறுத்தல், பொரித்தல், அவித்தல், தாளித்தல் என ஒவ்வொரு செயலுக்கும் தனிச்சொல் வைத்த மொழி நம்முடையது. கடுகு வெடிக்கும் ஓசையோடு ‘தாளித்தல்’ என்ற சொல்லைக் கேட்ட பிள்ளை அதனை மறவாது. சமைக்கும்போது குழந்தையை அருகில் நிறுத்திப் பேசுங்கள். தந்தையரும் இதற்கு விலக்கல்லர்.

பரிவும் இவ்வாறே கற்கப்படுகின்றது. ஜூன் முதல் ஆகஸ்டு வரை நண்பகல் நேரத்தில் திறந்தவெளிப் பணிக்குக் குவைத் அரசு தடை விதித்துள்ளது. எனினும் எரிவாயு உருளையைச் சுமந்து படியேறி வருபவர் வியர்த்தே வருகின்றார். ஒரு காலத்தில் ஷத் அல் அரப் ஆற்றிலிருந்து மரக்கலங்களில் குடிநீர் கொண்டுவந்த நாடு இது. 1950களிலிருந்து கடல்நீரின் உப்பை நீக்கிப் பருகுகின்றது. நீரின் அருமை அறிந்த இம்மண்ணில் அவருக்கு ஒரு குவளைத் தண்ணீரைக் குழந்தையின் கையாலேயே கொடுக்கச் செய்வோம். “சற்று அமருங்கள்” என்று நாம் கூறுவதையும் அது கேட்கட்டும்.

பெற்றோர்களே! நாளை வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்கும் முன், அது சொல்ல வந்ததை முழுமையாகச் சொல்ல விடுங்கள். இடையில் நின்றால் நீங்களும் நில்லுங்கள். பொறையுடைமையை அக்குழந்தை மனனம் செய்வதற்கு முன்பே உங்களிடம் கண்டுகொள்ளும்.