லாச்சிக்குப் பூட்டு வேண்டும்



உயர்தர ஐசிடி பாடத்தில் பைதனும் பீஎச்பீயும் இரண்டும் வருகின்றன. இரண்டுக்கும் ஒரே சட்டம் என்று நினைக்கும்போதுதான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

ஃபங்ஷனுக்கு வெளியே 'விலை' என்ற மாறிக்கு 500 கொடுக்கிறோம். உள்ளே அதை அச்சிடச் சொன்னால் பைதன் 500 என்று காட்டும். பீஎச்பீ காட்டாது, அப்படியொரு மாறி இல்லையே என்று எச்சரிக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டோ பார்க்கவும் விடும், மாற்றவும் விடும்.

பீஎச்பீயில் 'குளோபல் விலை' என்று உள்ளே ஒரு வரி போட்டால் சரியாகிவிடும் என்று பலரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். எச்சரிக்கை போகும், உண்மைதான். ஆனால் கடை லாச்சியைத் திறந்து வைத்து, வேலை செய்கிற எல்லோரும் கை வைத்தால் என்ன நடக்கும்? இரவில் கணக்குப் பார்க்கும்போது காசு குறையும். யார் எடுத்தது என்று தெரியாது.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: ஃபங்ஷனுக்குத் தேவையானதை அடைப்புக்குறிக்குள் கொடுங்கள். விடையை 'ரிட்டர்ன்' மூலம் திருப்பி வாங்குங்கள். என்ன உள்ளே போனது, என்ன வெளியே வந்தது என்று பார்த்தவுடன் விளங்கும்.

குளோபலையும் படியுங்கள், வினாத்தாளில் வரலாம். பழக்கமாக்கிவிடாதீர்கள். நாளை நம் ஊர்க் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் கணக்கு மென்பொருள் எழுதப் போகிறவர்கள் நீங்கள்தான். 50 வரியில் கண்ணில் படும் பிழை, 5000 வரியில் ஒளிந்துகொள்ளும். பீஎச்பீ போட்ட பூட்டு தொல்லையல்ல, காவல்.