கட்டடம் இருந்தது, கல்லூரி இருக்கவில்லை

ஊரில் மீண்டும் நிதி சேகரிப்புப் பேச்சு தொடங்கியிருக்கிறது. பாடசாலைக்கு இன்னொரு மூன்று மாடிக் கட்டடம். வெளிநாட்டில் உள்ள எமது பிள்ளைகள் தருவார்கள், தனவந்தர்கள் தருவார்கள், பிரதம அதிதி யார் என்பதும் ஏறக்குறைய முடிவாகிவிட்டதாம். நல்ல விடயம்தான். ஆனால் அடிக்கல் வைப்பதற்கு முன்னர், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஏறத்தாழ இருநூறு வருடங்களுக்கு முன் நடந்ததை நாம் கொஞ்சம் பேசிக்கொள்ள வேண்டும்.

1816 இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷனரிமாரை ஆங்கிலேய ஆட்சி யாழ்ப்பாணத்துக்குள் மட்டுப்படுத்தியது. வட்டுக்கோட்டையில் அவர்களுக்குக் கிடைத்தது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துப் பழைய தேவாலயமும் அதனோடு சேர்ந்த வீடும். எல்லாம் பாழடைந்த நிலை. அந்த வளவில்தான் 1823 இல் டானியல் பூவர் ஓர் உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினார். வட்டுக்கோட்டை செமினரி என்று பெயர் பெற்றது அதுதான். ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானவியல், பௌதிகம், வரலாறு, வேதாகமம் எல்லாவற்றையும் ஒரே வளவுக்குள் படிப்பித்தார்கள். தொழில் ஒன்றுக்காக மட்டும் ஆயத்தப்படுத்தாமல் மனிதனை எல்லாப் பக்கமும் படிப்பிக்கும் அமெரிக்கச் சிறு கல்லூரிகளின் முறை அது. பின்னர் கட்டிய பெரிய மண்டபத்துக்கு, உதவி செய்த பிரதம நீதியரசர் சேர் றிச்சர்ட் ஒட்லியின் பெயரை வைத்தார்கள். ஆக, காசு தந்தவரின் பெயரைச் சுவரில் பொறிப்பது நாம் கண்டுபிடித்த பழக்கம் இல்லை!

அந்த வளவில் முதலில் பெரிய பிரச்சினையாக வந்தது குசினி. மிஷனரிமாரின் வளவுக்குள் சமைத்ததைச் சாப்பிட உயர்சாதிப் பிள்ளைகள் மறுத்தார்கள். அதனால் ஆரம்பத்தில் பக்கத்துக் காணியில் தனியாகக் குசினி வைத்து அங்கே சாப்பாடு கொடுத்தார்கள். சாதிக்கு இடம் கொடுத்தார்கள் என்று இதைக் குறை சொல்லலாம், அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆனால் மாற்று மதப் பாடசாலை விடுதியில் பிள்ளையைச் சேர்க்கப் போகும் எமது உம்மாமார் முதலில் கேட்பதும் சாப்பாட்டைப் பற்றித்தானே. பிள்ளை வருவதற்கு எது தடையோ அதைக் கண்டு, அதற்கு ஏற்றபடி ஒரு வசதியைச் செய்தார்கள் என்ற அளவில் அதை நாம் கவனிக்க வேண்டும்.

அடுத்தது வானவியல். 1829 இல் ஒரு சந்திர கிரகணம் வந்தது. பஞ்சாங்கம் கணிப்பதில் பேர் பெற்ற அராலி விசுவநாத சாஸ்திரியார் சொன்ன கணக்கும், செமினரியில் பூவர் போட்ட கணக்கும் ஒத்துவரவில்லை. கிரகணத்தன்று பார்த்தபோது செமினரியின் கணக்கே சரியாக இருந்தது என்று மிஷன் தரப்பு எழுதி வைத்திருக்கிறது. (எழுதியவர்கள் ஒரு கட்சிக்காரர் என்பதையும் நாம் மறக்கத் தேவையில்லை.) யார் வென்றார்கள் என்பது எமக்கு முக்கியம் இல்லை. அங்கே வானவியல் புத்தகத்தோடு நிற்கவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கணக்கைப் போட்டு, வானத்தைப் பார்த்து, சரி பிழை சொன்னார்கள்.

அந்தச் சூழலில் இருந்து வந்தவர்கள்தான் சி.வை.தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும். 1857 இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இந்த இருவரும்தான். தாமோதரம்பிள்ளை பின்னாளில் ஏட்டில் கிடந்த தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சுக்குக் கொண்டுவந்தார். 1841 இல் உதயதாரகை பத்திரிகையை ஆரம்பித்தவர்களும் செமினரியில் படித்தவர்களே.

“அது மதம் மாற்ற வந்த கூட்டம், அவர்களிடம் எமக்கு என்ன பாடம்?” என்று கொமண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறோம். ஆம், மதம் மாற்றத்தான் வந்தார்கள். அதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. அதே யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படிப்பித்துவிட்டு, 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். எமது அறிஞர் சித்தி லெப்பை 1882 இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கி, மருதானை மத்ரஸாவுக்கு உழைத்து, 1892 இல் ஸாஹிரா உருவாகும் வரை போராடியதும் இந்தச் சவாலுக்கான பதில்தான். அவரோடு தோள்கொடுத்த வாப்பிச்சி மரைக்கார் கொழும்பு நூதனசாலையையே கட்டியவர். கட்டடம் கட்டுவது எமக்குப் பழகிய தொழில். பள்ளிக்கூடம் என்று வந்தபோது, என்ன படிப்பிப்பது, யார் படிப்பிப்பது என்ற கேள்விகளோடு அவர்கள் மல்லுக்கட்டினார்கள்.

இனி 1855 க்கு வருவோம். அமெரிக்கத் தலைமையகத்தில் இருந்து றூபஸ் அண்டர்சன் வந்தார். ஆங்கிலம் படித்த பிள்ளைகள் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்களே தவிர, மிஷன் எதிர்பார்த்தபடி ஊழியத்துக்கு வருவது குறைவு என்று கண்டார்கள். செமினரியை மூடினார்கள். மண்டபம் அப்படியே நின்றது, கூரை பழுதாகவில்லை, கிணற்றில் தண்ணீர் வற்றவில்லை. கல்லூரி மட்டும் இல்லை. தூரத்தில் இருந்து வந்த காசும் தூரத்தில் இருந்து வந்த நோக்கமும் ஒரே தீர்மானத்தில் திரும்பிப் போயின.

அதற்குப் பிறகுதான் உள்ளூர் ஆட்கள் எழும்பினார்கள். பழைய மாணவர்கள் தாங்களே ஆங்கிலப் பாடசாலை நடத்தினார்கள், கூட்டம் கூடினார்கள், கல்லூரி வேண்டும் என்று கேட்டார்கள், காசும் போட்டார்கள். 1872 இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி ஆரம்பமானது. இப்போது அதற்குச் சொந்தக்காரர்கள் ஊரிலும் இருந்தார்கள். பின்னாளில் அங்கே இலண்டன் வெளிவாரிப் பட்டத்துக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் பிரிவும் நடந்தது. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் உருவானபோது விஞ்ஞான பீடம் முதலில் இயங்கியதும் வட்டுக்கோட்டையில்தான். ஒரு பல்கலைக்கழகம் வந்து உட்காரக்கூடிய அளவுக்கு அங்கே வசதிகள் பயன்பாட்டில் இருந்தன.

இப்போது எமது பாடசாலைகளைப் பாருங்கள். நாம் படிப்பித்த இடங்களில் எத்தனை ஆய்வுகூடங்கள் பூட்டிக் கிடக்கின்றன? ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைக் காரணம் வேறு. சாமான்கள் எல்லாம் பொருட்பதிவேட்டில் ஓர் ஆசிரியரின் பொறுப்பில் இருக்கும். வருடாந்தக் கணக்கெடுப்பில் ஒரு நுணுக்குக்காட்டி குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அதனால் பிள்ளை தொடாமல் இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. நூலகமும் அப்படியே. கண்ணாடி அலுமாரிக்குள் புத்தகம், அலுமாரியின் திறப்பு அலுவலகத்தில், அலுவலகம் பாடசாலை விடும்போது மூடப்படும். உயர்தரப் பிள்ளைக்கு நூலகம் தேவைப்படுவதோ அதற்குப் பிறகுதான். மூன்று மாடி வந்தால் பூட்டுகள்தான் கூடும்.

ஆகவே எமது கோரிக்கை இது. சேரும் காசில் ஒரு பங்கைக் கட்டடத்தில் போடாமல் தனிக் கணக்கில் வையுங்கள். உடையும், தொலையும் சாமான்களின் பெறுமதியை அதில் இருந்து கொடுப்போம் என்று பழைய மாணவர் சங்கம் அதிபருக்கு எழுத்தில் தரட்டும். ஆய்வுகூடத்துக்கு ஓர் உதவியாளரும், பின்னேரம் ஆறு மணி வரை நூலகத்தைத் திறந்து வைக்க ஒருவரும் வேண்டும். இருவருக்கும் மாதக் கொடுப்பனவு அந்தக் கணக்கில் இருந்தே போகட்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனி நாட்கள் ஒதுக்கலாம், கூட்டிக்கொண்டு போக வீட்டார் வருவார்கள். அந்த மிஷனே 1824 இல், ஆண்பிள்ளைகளுக்குத் தொடங்கி ஒரு வருடம் கழித்து, உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கிவிட்டது. நாம் இன்னும் நேரசூசி பற்றியே விவாதித்துக்கொண்டிருக்கிறோம்.

இதை மனுவாக எழுதி பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரிடமும் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் கொடுக்க இருக்கிறோம். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்கள் மூவர், கிழமைக்கு ஒரு பின்னேரம் வந்து பிள்ளைகளோடு பரிசோதனை செய்யத் தயார் என்று சொல்லிவிட்டார்கள். கையெழுத்து வைக்க விரும்புபவர்கள் பெயரையும் பிள்ளை படிக்கும் வகுப்பையும் உள்பெட்டியில் அனுப்புங்கள். எதிர்க்கருத்து உள்ளவர்கள் இங்கேயே எழுதுங்கள், பதில் சொல்கிறோம்.