அரைப் புள்ளியின் மதிப்பு

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரங்களில் சதுரங்கப் போட்டி நடைபெறும் மண்டபத்தின் வாயிலில் சற்று நின்று பாருங்கள். வெளியே வரும் பிள்ளையிடம் கேட்கப்படும் முதற் கேள்வி, "ஜெயித்தாயா?" என்பதே. "டிரா, அத்தா" என்றால் அத்தாவின் முகம் வாடிவிடுகிறது. வென்றால் 1, தோற்றால் 0, சமனானால் ஆளுக்கு அரை. அந்த அரைப் புள்ளி எவ்வாறு கிடைத்தது என்று கேட்பார் அரிது.

ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். எதிராளியிடம் ராஜா, பிஷப் எனப்படும் மந்திரி, ஓரச் சிப்பாய் ஒன்று. நம் பிள்ளையிடம் வெறும் ராஜா மட்டுமே. தோல்வி உறுதி என்றே யாரும் சொல்வர். ஆனால் அச்சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக் கட்டம் வெள்ளையாகவும், மந்திரி கறுப்புக் கட்டங்களில் ஓடுவதாகவும் அமைந்துவிட்டால், நம் ராஜா அம்மூலையை எட்டினால் போதும். பிறகு அதனை வெளியேற்ற எவராலும் இயலாது. மேலும் நெருக்கினால், செக் இல்லாமலே நகர இடமின்றி நின்றுவிடும், ஆட்டம் சமன். இதனை அறிந்து, பத்து நகர்த்தலுக்கு முன்பே மூலையை நோக்கி நடந்த பிள்ளையைக் கடிந்துகொள்வது என்ன நியாயம்?

அக்கால அரபியரின் ஷத்ரஞ்சில் இச்சலுகை இல்லை. எதிராளியை நகரவிடாமல் முடக்கியவருக்கே வெற்றி. காய்களை எல்லாம் இழந்து ராஜா தனித்து நின்றாலும் பொதுவாகத் தோல்விதான். இங்கிலாந்திலோ முடக்கியவரே தோற்றவர் என்று நெடுங்காலம் விதி இருந்தது! 19ஆம் நூற்றாண்டில்தான் சமன் என்பது நிலைபெற்றது.

2013 நவம்பரில் இதே சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்திற்கு மோதினர். முதல் ஆட்டம் 16 நகர்த்தல்களில் சமன். ஆடிய 10 ஆட்டங்களில் 7 சமன்களே.

பெற்றோர் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது வேறொன்று. ஒரே நிலை, அதே ஆட்டக்காரரின் முறையில், மூன்றாம் தடவை வரப்போகிறதெனில் சமன் கோரலாம். ஆனால் காயை நகர்த்தும் முன்பே, அந்த நகர்த்தலைத் தாளில் எழுதி, நடுவரை அழைத்துச் சொல்ல வேண்டும். முதலில் காயைத் தொட்டு நகர்த்தினால், அக்கோரிக்கைக்கு இடமின்றிப் போய்விடும்.