பரணுக்குப் போகும் பரிசுகள்

புனேயில் எங்கள் குடியிருப்பில் மாதத்துக்கு இரண்டு மூன்று பிறந்த நாளாவது வந்துவிடுகிறது. ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது இருபத்தைந்து பேர் கிளப் ஹவுஸில் கூடி, கேக் தின்று, பலூன் உடைத்து, ரிட்டர்ன் கிஃப்டோடு வீடு திரும்புகிறார்கள். அழைப்பு வந்தால் எல்லா வீட்டிலும் நடப்பது ஒன்றுதான். முதல் நாள் இரவு பத்து மணிக்குக் கைபேசியில் "6-8 வயது, 500 ரூபாய்க்குள்" என்று தேடி, காலையில் வந்து சேரும் பெட்டியைப் பளபளத் தாளில் சுற்றிக் கொடுத்துவிடுவது. அந்தப் பெட்டி பிரிக்கப்படாமலேயே பரணேறி, ஆறு மாதம் கழித்து வேறொரு பிறந்த நாளுக்குக் கிளம்பும். ஊரெல்லாம் சுற்றிவிட்டு முதலில் கொடுத்தவர் வீட்டுக்கே வந்து சேர்ந்த கதையும் உண்டு (நம் வீடு இல்லை, பக்கத்து பிளாக்!).

காசு வீணாவதுகூடப் பரவாயில்லை. என் வருத்தம் வேறு. வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பொம்மைக்குப் பஞ்சமில்லை, ஆளுக்குத்தான் பஞ்சம். ஊரில் என்றால் தாத்தா, ஆச்சி, அத்தை, எதிர்வீட்டு அக்கா என்று கூட உட்கார யாராவது அகப்படுவார்கள். இங்கே ஹிஞ்சவாடி டிராஃபிக்கில் நீந்தி எட்டு மணிக்கு வரும் அப்பாவும், லேப்டாப்பை மூட முடியாத அம்மாவும்தான். பட்டனை அழுத்தினால் தானே பாடித் தானே ஆடும் பொம்மை அந்த வெற்றிடத்தில் வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்கிறது. அதனால் பரிசு வாங்கப் போனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதை வைத்து விளையாட இன்னொரு ஆள் வேண்டுமா? வேண்டும் என்றால் வாங்குவேன். பெட்டியில் "மூளை வளர்ச்சிக்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நான் படிப்பதே இல்லை.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி. எங்கள் ஊர்க் கணக்கில் குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக 70. கூட்டலும் கழித்தலும் அதுபாட்டுக்கு வந்துவிடும்; ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்தால்தான் ஆட்டம். ஆடுபுலிக்கு அதுகூட வேண்டாம். பால்கனித் தரையில் சாக்பீஸால் கட்டம், 3 பெரிய கல், 15 சின்னக் கல். புலி தாண்டித் தாண்டித் தின்னும், ஆடுகள் ஒன்று சேர்ந்து வழியடைத்தால் முடங்கிவிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே பிடிபடுகிறது. என் மகள் இப்போதெல்லாம் ஆடுதான் கேட்கிறாள்.

இதெல்லாம் தமிழ்நாட்டிலிருந்துதான் வரவேண்டும் என்றும் இல்லை. இங்கே துளசிபாக் கடைத்தெருவில் "பாதுக்லி" என்று விற்கிறார்கள். விரல் உயர அடுப்பு, குடம், கரண்டி, தட்டு. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார் அதைப் பார்த்ததும், "இது நம்ம செப்புச் சாமான்லா!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் இருந்த இரண்டு மாதமும் தினம் மாலை அவல் சமையல். மேல்வீட்டு மராத்திப் பையனும் வந்து பரிமாறினான். பெண் பிள்ளைக்குச் சமையல், ஆண் பிள்ளைக்குத் துப்பாக்கி என்று கடைக்காரர்தான் பிரித்து வைக்கிறார், பிள்ளைகள் பிரிப்பதில்லை.

புனேக்காரர்களுக்கு இன்னொரு வசதி, அர்விந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, இங்கே டெல்கோவில் வேலை பார்த்தவர். 1978ல் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்துக்காகக் கிராமத்துக்குப் போய், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூபையும் வைத்துப் பிள்ளைகளுக்கு வடிவியல் காட்டினார். பிறகு இங்கே பல்கலைக்கழக வளாகத்து ஐயூக்காவில் பல ஆண்டுகள் குப்பையிலிருந்து பொம்மை செய்து காட்டினார். 2018ல் பத்மஸ்ரீ. மருந்தைச் சுரண்டிய மூன்று குச்சியை டியூப் துண்டில் கோர்த்தால் முக்கோணம், அழுத்தினாலும் அசையாது. நான்கு கோர்த்தால் சதுரம், தொட்டதும் சரிந்துவிடும். ரயில் பாலத்தில் ஏன் அத்தனை முக்கோணம் என்று பிள்ளையே கேட்கும். செலவு ஐம்பது ரூபாய் வராது. ஒரு டப்பாவில் குச்சி, டியூப், முனை மழுங்கிய கத்தரிக்கோல், அவ்வளவுதான் பரிசு.

அடுத்தது தமிழ். மகாராஷ்டிராவில் 2020 முதல் எல்லாப் பள்ளியிலும் மராத்தி கட்டாயம். நல்லதுதான், இருக்கிற ஊரின் மொழி தெரிய வேண்டும். ஆனால் ஆங்கிலம், மராத்தி, இந்தி எல்லாம் பள்ளியில் கிடைக்க, தமிழ் மட்டும் நம் கையில்தான் இருக்கிறது. சென்னை தூலிகா பதிப்பகத்தின் தமிழ்-ஆங்கில இருமொழிப் படப் புத்தகங்கள் இந்த வயதுக்குச் சரியாக இருக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் இலவசம். அச்செடுத்துத் தைத்துக் கொடுக்கலாம். புத்தகத்தை மட்டும் கையில் திணித்தால் அதுவும் பரணுக்குத்தான் போகும். நாங்கள் ஒரே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை ஊருக்குத் தாத்தாவுக்கு அனுப்பிவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை போனில் ஆளுக்கு ஒரு பக்கம். "ழ" வரும் இடத்தில் தாத்தா நிறுத்திவிடுவார், சரியாகச் சொல்லும்வரை அடுத்த பக்கம் கிடையாது.

நம் பிள்ளைக்குச் சரி, ஊரான் பிள்ளைக்கு எப்படி என்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்: "என்னங்க, கிஃப்ட் குடுக்கறீங்களா, டியூஷன் எடுக்கறீங்களா?" நியாயமான கேள்வி. அந்த வீட்டு அப்பா அம்மாவுக்கு உட்கார நேரம் இருக்குமா என்று நமக்கு எப்படித் தெரியும்? அதனால் டப்பாவுக்குள் ஒரு சீட்டு வைக்கிறேன்: "முதல் ஆட்டம் அங்கிளோடு, சனிக்கிழமை ஐந்து மணி." இதுவரை வராத பிள்ளை இல்லை. சில சமயம் அப்பாவும் கூடவே வந்து, போகமாட்டேன் என்கிறார்.

இல்லை, பேட்டரி பொம்மைதான் என்பவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையையாவது பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரி முதல் அது கட்டாயம்.

அடுத்த வாரம் மூன்றாம் மாடிப் பையனுக்கு ஏழு வயது. குச்சி தயார், கத்தரிக்கோல் தயார், சீட்டும் எழுதியாயிற்று. வால்வ் டியூப்தான் கிடைக்கவில்லை. இப்போது எந்த சைக்கிளில் அது இருக்கிறது! ஔந்த் பக்கம் பழைய சைக்கிள் கடை தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.