அம்மி சொன்ன ரகசியம்

உங்கள் வீட்டில் சமீபத்தில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் உங்கள் கஷ்டம் எனக்குப் புரியும். காலையில் பத்திரிகை படித்தாகிவிடும். பத்து மணிக்குச் சமையலறையில் தலையை நீட்டி, "கடுகு டப்பாவை ஏன் மேல் தட்டில் வைத்திருக்கிறாய்?" என்று விசாரணை ஆரம்பமாகிவிடும்.

கோயமுத்தூரில் இருக்கும் என் பெரியப்பா அந்த ரகமல்ல. முப்பது வருஷம் மில்லில் கணக்கெழுதிய அவர், ஓய்வு பெற்ற மறு மாதமே பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு லேத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்! ஆபீசுக்குப் போகும் வழியில் மில் பட்டறையை எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து வளர்ந்த ஆசையாம் அது.

நாலு ஆட்கள் மூச்சு வாங்க அதை இறக்கியபோது பெரியம்மா வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, இந்தத் துருப்பிடிச்ச கழுதைய எங்கீங்க கட்டறது?"

கார் ஷெட்டில்தான் கட்டினார்கள். வீட்டில் கார் இல்லை. ஆகையால் இடத்துக்குப் பஞ்சமில்லை.

லேத் என்றால் உலோகத்தைக் கடையும் யந்திரம். மரத்தில் பம்பரம் கடைகிறார்களே, அதே வித்தைதான். இரும்பு சுழல, உளி அதைச் சீவிக்கொண்டே நகரும். உளியைச் சுமக்கும் வண்டி போய்வர, தண்டவாளம் போல நீளமான அடிப்பாகம் ஒன்று உண்டு. அதைப் 'பெட்' என்பார்கள். பெட் நேராக இருந்தால்தான் கடைந்த பொருளும் நேராக இருக்கும்.

பெரியப்பா வாங்கியது சவுத் பெண்டு என்ற அமெரிக்க லேத். 1906ம் வருஷம் இண்டியானா மாகாணத்தில் ஓப்ரியன் சகோதரர்கள் ஆரம்பித்த கம்பெனி அது. பெட்டின் வலது கோடியில் பொறித்திருக்கும் எண்ணைக் கொண்டு, எந்த வருஷம் செய்த யந்திரம் என்று கண்டுபிடித்துவிடலாம். இது 1930களின் கடைசியில் செய்தது; பெரியப்பாவை விட மூத்தது.

நான் போயிருந்தபோது சுத்திகரிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. டீசலும் பழைய பிரஷ்ஷும் கொண்டு பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினார். சின்னச் சின்ன பாகங்களின் துருவை மின்சாரத்தால் போக்கினார். அந்த முறை ரொம்பச் சுலபம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் கொஞ்சம் சலவைச் சோடா, ஒரு பாட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்தை நெகடிவ் முனையிலும் உதவாத இரும்புத் துண்டு ஒன்றைப் பாசிடிவ் முனையிலும் கட்டித் தொங்கவிட்டால், மறுநாள் துரு கறுத்து, பிரஷ்ஷால் தேய்க்க உதிர்ந்துவிடுகிறது. ஆனால் இரண்டு எச்சரிக்கை. இதைத் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். கிளம்பும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக்கூடியது. உதவாத இரும்புக்குப் பதில் எவர்சில்வரைக் கட்டவே கூடாது. அது தண்ணீரை நஞ்சாக்கிவிடும்.

இன்னொன்று, குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு. பழைய யந்திரங்களின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். தூள் பறக்கும்படி உலர வைத்துச் சுரண்டாதீர்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை பெரியப்பா ஒரு கட்டு உப்புத்தாளோடு பெட்டின் எதிரில் உட்கார்ந்தார்.

"பாரு கண்ணு. இடது பக்கம் எப்படிக் கண்ணாடி மாதிரி இருக்கு! வலது பக்கம் பூராவும் அம்மைத் தழும்பு. இன்னிக்குத் தேய்ச்சுத் தேய்ச்சு அதையும் கண்ணாடி ஆக்கிடறேன்."

வாஸ்தவந்தான். வலது கோடியில் இரும்பின் மேல் சின்னச் சின்னதாகப் பிறை வடிவப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. அந்தச் சமயம் காபி கொண்டுவந்த பெரியம்மா குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள்.

"இது துரு இல்லீங்க. யாரோ கொத்தி வெச்ச மாதிரி இருக்குது. நம்ம அம்மி கொத்துன மாதிரியே வரிசையா இருக்குது பாருங்க. தேய்க்காதீங்க!"

"அம்மியும் லேத்தும் ஒண்ணா?" என்றார் பெரியப்பா. ஆனாலும் கணக்கெழுதிய மனிதர் அல்லவா? சந்தேகம் வந்தால் சரிபார்க்காமல் விடமாட்டார். பக்கத்துத் தெருவில் இருக்கும் வயதான ஃபிட்டரை அழைத்துவந்தார். அந்தப் பெரியவர் உப்புத்தாளைக் கண்டதும், பாம்பைக் கண்டவர் போல் இரண்டடி பின்வாங்கினார்.

"அம்மா சொன்னதுதானுங்க சரி. இதெல்லாம் கையால ஸ்கிரேப்பர் போட்டுச் செதுக்கினது."

சகோதரிகளே, அப்புறம் அவர் சொன்னதைக் கேட்டு நான் அசந்துபோனேன். இரண்டு இரும்புப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போக வேண்டுமானால், நடுவே எண்ணெய் தங்க வேண்டும். இரண்டும் ஒரேயடியாக வழவழவென்றிருந்தால் எண்ணெய் பிதுங்கி வெளியே போய், இரண்டும் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிறைகள்தான் எண்ணெய் தங்கும் குழிகள். அப்படியானால் இடது பக்கத்துக் கண்ணாடி? அதுதான் தேய்மானம்! வேலை எப்போதும் இடது பக்கத்திலேயே நடப்பதால், வண்டி போய்ப் போய்க் கொத்தெல்லாம் அழிந்துவிட்டது. பெரியப்பா நோயை ஆரோக்கியம் என்றும், ஆரோக்கியத்தை நோய் என்றும் நினைத்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் படித்துப் பார்த்தேன். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோஸப் விட்வொர்த் என்ற மேதை, 1840ம் வருஷம் கிளாஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகள் சபையில் இதையேதான் வற்புறுத்தியிருக்கிறார். எமரித் தூளைப் போட்டுத் தேய்த்தால் தூள் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும், பரப்பு சமமாகாது. வர்ணம் தடவி, ஒரு தட்டை மற்றொன்றின்மேல் வைத்து, மேடு எங்கே என்று கண்டு, அதை மட்டும் செதுக்குங்கள் என்றார். அதற்கும் இரண்டு தட்டுகள் போதா, மூன்று வேண்டும். ஒன்று குழிந்தும் மற்றது புடைத்தும் இருந்தால் இரண்டும் அழகாகப் பொருந்திவிடும். இரண்டு பேர் சேர்ந்துகொண்டு சொல்லும் பொய்யை மூன்றாமவர் வந்துதானே உடைக்க வேண்டும்? குடும்பத்தில் நாம் பார்க்காததா!

உப்புத்தாள் பரணுக்குப் போயிற்று. ஃபிட்டர் அளந்து பார்த்ததில் இடது பக்கத்துப் பள்ளம் ஒரு தலைமயிரின் கனந்தான். "கடையறப்ப இத மனசுல வெச்சுக்கிட்டாப் போதுமுங்க" என்றார்.

சுழலும் தண்டுக்கு எண்ணெய் போகும் வழியைப் பார்த்ததும் பெரியம்மாவுக்கு ஒரே சிரிப்பு. கீழே ஒரு சின்னக் கிண்ணத்தில் எண்ணெய். அதிலிருந்து கம்பளித் திரி ஒன்று எண்ணெயை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. அச்சு அசல் குத்துவிளக்குத்தான்! திரி காய்ந்தால் தண்டு உரசிக் கெட்டுவிடும். இப்போது தினமும் சாயங்காலம் விளக்கேற்றும்போது, "லேத்துக்கு எண்ணெய் ஊத்தினீங்களா?" என்று அவள்தான் நினைவூட்டுகிறாள்.

யந்திரம் ஓடும்போது கிட்டே போவதானால் புடவைத் தலைப்பை இறுகச் செருகி, கூந்தலை முடிந்து, வளையல்களைக் கழற்றிவிட வேண்டும். கையுறையும் ஆகாது, சுழலும் இரும்பு கையையும் சேர்த்து இழுத்துவிடும். இது பெரியம்மா போட்ட சட்டம். பெரியப்பாவின் வேஷ்டிக்கும் அதே சட்டந்தான்; அரைக்கால் சட்டை போட்டால்தான் ஷெட்டுக்குள் அனுமதி.

முதன்முதலாக அவர் கடைந்தது என்ன தெரியுமா? காபி ஃபில்டர் மூடியின் குமிழ். பழையது தொலைந்து இரண்டு வருஷமாகப் பெரியம்மா இடுக்கியால் மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பித்தளைக் குமிழ் தங்கமாக மின்னியது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது மட்டும் கண்ணாடியா இருக்கலாமுங்களா?"

"இருக்கலாம், இருக்கலாம். இதுக்கு எண்ணெய் வேண்டாம், காபி இருந்தாப் போதும்" என்றார் பெரியப்பா, டம்ளரை நீட்டிக்கொண்டே.