தமிழ் எழுத்தின் மீது ஏன் பழி?

"தமிழ் எழுத்துகளை எடுத்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்."

சில ஆண்டுகளுக்கு முன்னர், என் கட்டுரைகளுக்கென அமைத்த இணையத்தளம் பழுதடைந்தபோது நிரலாளர் ஒருவர் வழங்கிய தீர்ப்பு இது. கடவுச்சொல்லைக் கொடுத்ததும் கட்டுரைப் பட்டியலுக்குச் செல்லவேண்டிய பக்கம், நின்ற இடத்திலேயே நின்றது. அவர் தலைப்புகளை ஆங்கிலத்தில் எழுதி, கோப்பைப் பழைய 'ஆன்சி' முறையில் சேமித்தார். பக்கம் மாறியது. ஆகவே, குற்றவாளி தமிழே என்று முடிவாயிற்று!

ஒரே சாட்சியை நம்பிச் செய்தி எழுதுவது பத்திரிகைத் தொழிலில் வழக்கமில்லை. பிழைச் செய்தியை நானே முழுமையாகப் படித்தேன்.

பி.எச்.பி. மொழியில், வேறு பக்கத்துக்குச் செல்லுமாறு கூறும் கட்டளை, பக்கத்தின் உள்ளடக்கத்துக்கு முன்னதாகவே உலாவியைச் சென்றடைய வேண்டும். ஒரு வெற்றிடம் முந்திக்கொண்டாலும், 'தலைப்பு வரிகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன' என்ற எச்சரிக்கை எழும். கடிதத்தைத் தபாற்பெட்டியில் போட்ட பின்னர் உறையில் முகவரி எழுத முடியாதல்லவா?

வெளியீடு எந்தக் கோப்பின் எந்த வரியில் தொடங்கியது என்பதையும் அதே எச்சரிக்கை அடைப்புக்குறிக்குள் தெரிவிக்கும். அது சுட்டியது, தலைப்புகள் அடங்கிய கோப்பின் முதலாவது வரியை. அந்த வரியிலோ தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை!

இருந்தவை கண்ணுக்குப் புலப்படாத மூன்று பைட்டுகள். 'போம்' எனப்படும் இக்குறியை, யூ.ரி.எவ்-8 முறையில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் விண்டோஸ் நோட்பாட் தானாகவே சேர்த்து வந்தது. 2019இல் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலேயே அவ்வழக்கம் மாறியது. தமிழ்த் தலைப்புகளை மீண்டும் இட்டு, அக்குறியின்றிச் சேமித்தேன். தமிழும் இருந்தது, பக்கமும் மாறியது.

வெளியீட்டைத் தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் வசதியைக் கொண்டு இக்கோளாறை மறைப்போரும் உளர். அது ஒட்டுப்போடும் வேலை. அவ்வசதி இயங்கும் வீட்டுக் கணினியில் ஓடும் நிரல், அது இல்லாத வழங்கியில் முடங்கிப்போவது இதனாலேயே.

காரணத்தைத் தேடாத அவசரம், ஒரு மொழியையே பக்கத்திலிருந்து அகற்றத் துணிகிறது. தமிழை நீக்குமாறு இனி எவரேனும் கூறினால், ஒன்றை மட்டும் கேளுங்கள்: எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி?