நீலச் சட்டைக்கு விழும் கைதட்டல்

புதுப்படம் வெளியானதும் பல வீடுகளில் செல்போனில் முதலில் தேடுவது டிக்கெட்டை அல்ல. ‘புளூ சட்டை என்ன சொல்லியிருக்கார்?’ என்பதைத்தான்.

‘தமிழ் டாக்கீஸ்’ யூடியூப் சேனலில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு விமர்சனம் செய்யும் சி.இளமாறனுக்கு அந்தச் சட்டையே பெயராகிவிட்டது. ‘புளூ சட்டை மாறன்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அலட்டிக்கொள்ளாமல் அவர் கதையைச் சொல்லச் சொல்ல, கேட்பவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அவர் பாராட்டிய படங்களும் உண்டு. ஆனால், ஜனங்களுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் கிழித்துத் தொங்கவிட்ட படங்கள்தான்.

இதை ஏன் இத்தனை பேர் ரசிக்கிறார்கள்? நாலு பேர் உள்ள குடும்பம் சினிமாவுக்குப் போய்வந்தால் டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் என்று ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். படம் மொக்கை என்றால் அந்த எரிச்சலை யாரிடம் காட்டுவது? டைரக்டர் வீட்டுக்கா போக முடியும்? தங்கள் சார்பில் ஒருவர் நாலு கேள்வி கேட்கும்போது, போன காசில் கொஞ்சம் திரும்பி வந்ததுபோல ஓர் ஆறுதல்.

அந்த ஆறுதல் எதுவரைக்கும்? தன் அபிமான ஹீரோவின் படம் வரும்வரைக்கும்தான்! போன வாரம் ‘தில்லான மனுஷன்’ என்று புகழ்ந்த அதே ரசிகர், இந்த வாரம் ‘இவருக்கு சினிமாவைப் பத்தி என்ன தெரியும்?’ என்று கொதிப்பார். விமர்சகர் மாறவில்லை, அடி விழுந்த இடம்தான் மாறியிருக்கிறது.

2021 டிசம்பரில் மாறனே ‘ஆன்டி இண்டியன்’ படத்தை இயக்கி, நடித்து வெளியிட்டார். ‘இப்போ எங்க டர்ன்’ என்று காத்திருந்தவர்கள் பலர். மற்றவர்களின் படத்தை அளந்தவரை அதே கோல் அளந்தது. அதில் தவறில்லை.

ஆனால், 2022-ல் ‘வலிமை’ விமர்சனம் வேறு மாதிரி போனது. படத்தை விட்டுவிட்டு அஜித்தின் உடல்தோற்றத்தைக் கேலி செய்ததாக அவர்மீது கண்டனங்கள் எழுந்தன. கோபப்பட்டவர்களில் எத்தனை பேர், வேறொரு நடிகரின் தொப்பையைப் பற்றிய கேலிக்குச் சிரித்து, அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள்?

2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளியான கையோடு, யூடியூபர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் குரல் கொடுத்தார்கள். படம் வெளியாகி முதல் மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை விஷயம் போனது. அடுத்த மாதம், இடைக்காலத் தடை விதிக்க கோர்ட் மறுத்துவிட்டது. கருத்து சொல்வது உரிமை ஆயிற்றே!

ஆக, கோடு போட வேண்டியவர்கள் பார்வையாளர்கள்தான். லாஜிக் இல்லாத கதையைக் கிழித்தால் தாராளமாகச் சிரிக்கலாம். ஒருவரின் நிறத்தையும் உடம்பையும் கிண்டல் செய்தால், அந்த வீடியோவை அப்படியே தள்ளிவிட்டுப் போய்விடலாம். அபிமான நடிகருக்கு மட்டுமல்ல, பிடிக்காத நடிகருக்கும் இதே நியாயம்தான்.

ஏனென்றால், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் குழந்தைக்கு அந்த நடிகர் யாரென்றே தெரியாது. வீட்டில் எல்லோரும் எதற்குச் சிரித்தார்கள் என்பது மட்டும் தெரியும். நாளைக்கு வகுப்பில் குண்டாக இருக்கும் பையனிடம் அதே வசனத்தைத்தான் அது சொல்லிப் பார்க்கும்.